எந்தப் பிரதியைச் சேர்ப்பது? ஆய்வுக்கட்டுரையைப் பெறவும் களஞ்சியத்தில் ஏற்றவும் ஒரு செய்முறை

என் முதல் ஆய்வுக்கட்டுரையைப் பல்கலைக்கழக நூலகத்தின் களஞ்சியத்தில் சேர்க்கப் போய் மூன்று முறை திரும்பி வந்தேன். நான்காம் முறைதான் ஏற்றார்கள். களஞ்சியம் என்றால், நிறுவனத்தில் எழுதப்படும் கட்டுரைகளை நூலகம் சேமித்து, இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கத் தரும் தளம். பெங்களூரில் ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த நடை மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். நூலக அட்டை வாங்குவது, பிடிஎஃப் உருவாக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படிக்க வேண்டியதைப் பெறுவது

அரசு நிறுவனத்தில் படிப்பவர்களுக்கு இப்போது பெரும் கவலை இல்லை. 2025 ஜனவரி 1 முதல், மைய அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. வளாக இணையத்தில் இருந்தால் கட்டுரை தானாகத் திறக்கும். வெளியே அறை எடுத்துத் தங்கியிருந்தால் நூலகத்தில் கேட்டு, வளாகத்துக்கு வெளியிலிருந்தும் இதழ்களைத் திறக்க உதவும் ‘இன்ஃபெட்’ கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பதிப்பகத்தின் பக்கத்தில், நிறுவனம் வழியாக நுழையும் இணைப்பை அழுத்தி, பட்டியலில் உங்கள் நிறுவனத்தைத் தேட வேண்டும்.

இங்கே ஒரு வில்லங்கம். ஊரின் ஆங்கிலப் பெயர் 2014 நவம்பரிலேயே ‘பெங்களூரு’ ஆகிவிட்டது. பட்டியல்களுக்கு அது இன்னும் முழுதாக எட்டவில்லை. புதிய எழுத்துக்கூட்டலில் தேடி, நம் நிறுவனமே இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் புலம்பியிருக்கிறேன். ‘பேங்களூர்’ என்ற பழைய எழுத்துக்கூட்டலில் அடித்ததும் முதல் வரியிலேயே நின்றது.

தனியார் பல்கலைக்கழகங்கள் திட்டத்தின் முதல் கட்டத்தில் இல்லை. அங்கே படிப்பவர்கள் தங்கள் நூலகம் டெல்நெட்டில் உறுப்பினரா என்று கேளுங்கள். தில்லியிலிருந்து 1988 முதல் இயங்கும் நூலக வலையமைப்பு அது. நம்மிடம் இல்லாத கட்டுரையை வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். உறுப்பினர் நூலகம்தான், நீங்கள் அல்ல. எனவே கோரிக்கை நூலகர் வழியாகவே போக வேண்டும். ‘அந்த நீர் மாசுக் கட்டுரை வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, கட்டுரையின் நிரந்தர அடையாளமான, 10 என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள்.

அதற்கு முன்னால் உலாவியில் ‘அன்பேவால்’ நீட்சியை நிறுவிவிடுங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். மேற்கோள்களைச் சேமிக்க எனக்கு ஜோட்டெரோதான். கட்டற்ற மென்பொருள், இலவசம். வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

களஞ்சியத்தில் ஏற்றுவது: நான் இடறிய இடம்

இந்த ஊருக்குக் களஞ்சியம் புதிதல்ல. இந்திய அறிவியல் கழகம் 2002லேயே தன் ‘இபிரிண்ட்ஸ்’ களஞ்சியத்தைத் தொடங்கிவிட்டது. அதற்கும் 40 ஆண்டுகளுக்கு முன்னால், 1962இல், நூலகவியலுக்கென்று இங்கே ஓர் ஆய்வுப் பயிற்சி மையத்தை நிறுவியவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். இருந்தும் என் ஆய்வகத்தில் களஞ்சியம் பற்றி யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. முனைவர் பட்டப் படிவத்தில் ஒரு கட்டம் நிரப்ப வேண்டியிருந்ததால்தான் நானே போனேன்.

முதல் முறை இதழின் தளத்திலிருந்து இறக்கிய பிடிஎஃப்பை அனுப்பினேன். திருப்பிவிட்டார்கள். ‘ஆசிரியரின் ஏற்கப்பட்ட பிரதி வேண்டும்’ என்று ஒரு வரி பதில். சரி, இதழில் வருவதற்கு முந்தையதுதானே என்று, பிழை பார்க்கப் பதிப்பகம் அச்சுக்கோத்து அனுப்பியிருந்த மெய்ப்பை அனுப்பினேன். அதில் தொகுதி எண் இல்லை, பக்க எண் இல்லை. அதுதான் ஏற்கப்பட்ட பிரதி என்று உறுதியாக நம்பினேன். அதுவும் திரும்பியது.

நேரில் போனேன். களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கோலார் தங்கவயல்காரர். என் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசத் தொடங்கினார். திரையில் மெய்ப்பைத் திறந்து, இரண்டு நெடுவரிசையாக அடுக்கிய எழுத்தையும், மேல் மூலையில் இருந்த பதிப்பகச் சின்னத்தையும், ஓரத்தில் ஓடிய வரி எண்களையும் விரலால் காட்டினார். “தம்பி, எழுத்து உங்களுடையது, அச்சுக்கோப்பு அவர்களுடையது. அச்சுக்கோத்ததை நாம் போட முடியாது” என்றார்.

ஆக, கணக்கு இதுதான். மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களையெல்லாம் செய்து நீங்கள் கடைசியாக அனுப்பி, ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று கடிதம் வந்ததே, அந்தக் கோப்புதான் ஏற்கப்பட்ட பிரதி. அதற்கு முன்னால் முதலில் அனுப்பியது முன்பிரதி. அதற்குப் பின்னால் பதிப்பகத்தின் கை பட்டது எதுவாக இருந்தாலும், மெய்ப்பு உட்பட, தொடாதீர்கள்.

என்னிடம் அந்தக் கோப்பு இல்லை. மெய்ப்பில் செய்த திருத்தங்களை அதன் மேலேயே எழுதிச் சேமித்துவிட்டிருந்தேன். கடைசியில் நெறியாளரின் அஞ்சல் பெட்டியில் அகப்பட்டது. உங்களுக்கும் இப்படி ஆனால் முதலில் இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் நுழைந்து பாருங்கள். கடைசித் திருத்தப் பதிப்பு பெரும்பாலும் அங்கே இருக்கும். ஏற்புக் கடிதம் வந்த அன்றே அதைத் தனிக் கோப்புறையில் போட்டுவைப்பது இன்னும் உத்தமம்.

அடுத்தது, எப்போது திறந்துவிடலாம் என்பது. எந்த இதழ் எந்தப் பிரதியை எப்போது திறக்க விடுகிறது என்று காட்டும், ‘ஷெர்பா ரோமியோ’ என்றிருந்த தளம் இப்போது ‘ஓப்பன் பாலிசி ஃபைண்டர்’ ஆகியிருக்கிறது. இதழின் பெயரால் தேடாதீர்கள். ஒரே சாயலில் பத்துப் பெயர் வரும். ஒவ்வொரு இதழுக்கும் உள்ள 8 இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண்ணால் தேடுங்கள். என் இதழுக்குத் தடைக்காலம், அதாவது கோப்பைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டிய காலம், 12 மாதம். அதை நான் ஏற்புக் கடிதத் தேதியிலிருந்து எண்ணி எழுதிவிட்டேன். மூன்றாம் முறை திரும்பியது அதனால்தான். கட்டுரை வெளியான நாளிலிருந்து எண்ண வேண்டும்.

தடைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இப்போதே ஏற்றிவிடுங்கள். தலைப்பும் சுருக்கமும் எல்லோருக்கும் தெரியும், கோப்பு மட்டும் பூட்டியிருக்கும். பல களஞ்சியங்களில் ‘பிரதி கேட்க’ என்றொரு பொத்தான் உண்டு. யாராவது அழுத்தினால் உங்களுக்கு அஞ்சல் வரும். முதல் பக்கத்தில் இதழின் பெயரையும் டி.ஓ.ஐ. எண்ணையும் குறிப்பிட மறக்க வேண்டாம். சில பதிப்பகங்கள் தாங்கள் சொல்லும் உரிம வாசகத்தையும் போடச் சொல்லும்.

ரிசர்ச்கேட்டில் போட்டாயிற்றே, போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. அது ஒரு வணிக நிறுவனத்தின் தளம். நூலகம் அதைக் களஞ்சியமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

பின்சேர்க்கை 1: ஆய்வேட்டுக்கும் இதே முறையா என்று ஓசூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. அது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கான களஞ்சியமான சோத்கங்காவுக்குப் போகும். ஏற்றுவது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. நீங்கள் இயல்வாரியாகத் தனித்தனி பிடிஎஃப் தர வேண்டும். பெயரிடுவதற்கும் முறை உண்டு: தலைப்புப் பக்கம் 01 என்று தொடங்கும், முடிவுரைக் கோப்பு 80. தமிழ் ஆய்வேடு என்றால் பழைய எழுத்துருவில் இருப்பதை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். குப்பையாக வந்தால் தேடலிலும் உங்கள் ஆய்வேடு அகப்படாது.

பின்சேர்க்கை 2: நம் இனிஷியல் தொல்லையைப் பலர் எழுதியிருக்கிறீர்கள். படிவம் குடும்பப் பெயர் கேட்கும், நமக்கோ அது கிடையாது. நான் ஒரு கட்டுரையில் இனிஷியலையும் இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயரையும் கொடுத்தேன்; கூகுள் ஸ்காலரில் இரண்டு ஆட்களாகிவிட்டேன். அப்பா பெயருக்குக் கூடுதல் மேற்கோள்கள். ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ‘ஆர்கிட்’ தளத்தில் 16 இலக்க எண் ஒன்றை இலவசமாகப் பெற்று, வேறு பெயர்கள் என்ற இடத்தில் எல்லா வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள். களஞ்சியப் படிவத்திலும் அந்த எண்ணைக் கொடுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்ட பதிவில் பெயரைத் திருத்த நூலகத்துக்கு ஓர் அஞ்சல் போதும். எனக்கு இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தார்கள்.