வேலையைக் கொடுக்கிறோம், முடிவைக் கொடுப்பதில்லை: தோட்டப்புறத் தொண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரும் முன்வருவதில்லை." மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் திபால், சிம்பாங் அம்பாட் பக்கம் எந்தக் கோயில் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனாலும் இது காதில் விழும். பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். நானும் இதைச் சொன்னவன்தான். ஆனால் திருவிழாவுக்கு முதல் நாள் இரவு தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். கூடாரத்துக்குக் குழாய் தூக்குவது, விளக்குக் கட்டுவது, அன்னதானத்துக்கு வெங்காயம் உரிப்பது எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள்தாம். வேலைக்கு வருகிறார்கள், கூட்டத்துக்குத்தான் வருவதில்லை. ஏன் வரவேண்டும்? கூட்டத்தில் அவர்கள் முடிவு செய்வதற்கென்று நாம் எதையும் விட்டுவைப்பதில்லையே.

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். நாற்காலி அடுக்குவதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, எத்தனை நாற்காலி, எங்கே வாங்குவது, எவ்வளவுக்குள் முடிப்பது என்பதை நாமே வைத்துக்கொள்கிறோம். அதற்கு "இளைஞர் பங்கேற்பு" என்று அறிக்கையில் பெயரும் எழுதுகிறோம். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃப் நிறுவனத்துக்காகச் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் சேர்க்கவில்லை. அதில் ஒன்று, பிள்ளைகளை அலங்காரத்துக்கு நிறுத்துவது. சட்டை தைத்துக் கொடுத்து, வரிசையில் நிற்கவைத்து, பிரமுகருக்கு மாலை போடச் சொல்லும் நம் நிகழ்ச்சிகளை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கோயில் தண்ணீர்ப் பந்தலில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும்.

ஒரு வருடம் பந்தலைப் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவரிடம் ஒப்படைத்தோம். கையில் 600 வெள்ளி (ரிங்கிட்). என்ன பானம், எத்தனை பேருக்கு, எங்கே வாங்குவது எல்லாம் அவர் முடிவு. அவர் ஐஸ் மூட்டைகளை முதல் நாள் மதியம் இரண்டு மணிக்கே வரவழைத்துவிட்டார். போட்டு வைக்கப் பெட்டி இல்லை. கித்தான் போட்டு மூடினார்கள். இரவு பத்து மணிக்குக் கித்தானுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடி, கோயில் வாசல் மண்ணெல்லாம் சேறு. மறுநாள் ரதம் திரும்பும் நேரத்தில் வெதுவெதுப்பான சிரப்புத் தண்ணீரைத்தான் ஊற்றிக் கொடுத்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருடப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. நான் தடுத்தேன். தடுத்ததற்குக் காரணம், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு பையன் ஒலிபெருக்கி வாடகையில் ஏமாந்தபோது, அவன் கையிலிருந்து வேலையை வாங்கியவர்களில் நானும் ஒருவன். அவன் அதற்கப்புறம் வரவே இல்லை. இன்றும் கடைவீதியில் பார்த்தால் மரியாதையாக "வணக்கம்ணே" என்கிறான், நிற்காமல் போய்விடுகிறான். அந்த வணக்கம் எனக்கு வலிக்கிறது.

ஐஸ் தம்பியிடம் பந்தல் திரும்பப் போனது. அந்த வருடம் அவர் சந்தையில் மீன் விற்பவரிடம் பேசி, நுரைப் பெட்டிகள் இரவல் வாங்கி வந்து கழுவி வைத்தார். ஐஸை விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, பதினொரு மணிக்கு ஒரு தடவை என்று பிரித்து வரவழைத்தார். முடிந்ததும் ரசீதுகளை ஒரு தாளில் ஒட்டிக்கொண்டு வந்து, 587 வெள்ளி செலவு, மீதி 13 என்று பொருளாளரிடம் கொடுத்தார். இரவல் பெட்டியும் ரசீது ஒட்டிய தாளும் நாங்கள் யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. கரைந்துபோன ஐஸிலிருந்து அவரே கற்றது. அந்த ஐஸுக்குப் போன பணத்தைப் படிப்புச் செலவு என்று எழுதிக்கொள்ள நாம் தயாராக இருக்க வேண்டும். தாங்கக்கூடிய தொகையைக் கொடுங்கள். தவறு நடந்தால் உடன் உட்கார்ந்து ஏன் என்று பேசுங்கள். வேலையைப் பிடுங்காதீர்கள்.

இவர்களால் முடியுமா என்று கேட்பவர்கள் 2017 நவம்பர் 4 இரவு வந்த வெள்ளத்தை நினைத்துப் பார்க்கலாம். பினாங்குத் தீவும் செபராங் பிறையும் விடிய விடிய நீரில் நின்றன. அன்றைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட யாருக்கும் நேரம் இல்லை. லாரி பிடித்ததும், எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்று தேடியதும், பொட்டலம் கட்டி அனுப்பியதும் நான் பார்த்தவரையில் பெரும்பாலும் இளைஞர்கள். தண்ணீர் வடிந்ததும் அவர்களை மறுபடி நாற்காலி அடுக்க அனுப்பிவிட்டோம்.

பெரியவர்களை மறப்பது

தலைமைத்துவப் பயிற்சி என்றாலே இளைஞர்களுக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். அதிலும் படித்தவர்களுக்கு மட்டும். ஐம்பது, அறுபது வயதில் ஓய்வு பெற்றவர்கள் நிகழ்ச்சிக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

2021-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டலாம் என்ற இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. எங்கள் பக்கம் கொடி கட்டியவர்கள் குறைவு. கூச்சம். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய (பால் எடுத்த) ஓர் அம்மா இருக்கிறார். கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எந்த வீட்டில் அடுப்புப் புகையவில்லை என்று அவருக்குத்தான் தெரிந்தது. பட்டியலை அவர் வாயால் சொன்னார், ஒரு கல்லூரி மாணவி எழுதினார். "அங்கே பகல்ல போவாதீங்க, இருட்டினப்புறம் கொண்டு போங்க" என்றார் ஒரு வீட்டைப் பற்றி. பயிலரங்கில் கிடைக்காத அறிவு அது. இப்படிப்பட்டவர்களை நாம் சமையல்கட்டில் காய் நறுக்க மட்டும் கூப்பிடுகிறோம். பெண்கள் எத்தனை பேர் செயலவையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனைக்கும் நம் தோட்டத்து வரலாறு வேறு மாதிரி. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், 1960-இல் அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் கட்டித் தோட்டம் வாங்கும் நிலைக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் சாதாரணத் தொழிலாளர்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒருவர் பேச்சை மற்றவர் நம்பாமல் அந்தப் பணம் சேர்ந்திருக்காது.

கூப்பிடும் விதம்

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் "ஞாயிறு கோத்தோங் ரோயோங் (கூட்டுப் பணி), அனைவரும் திரண்டு வாரீர்" என்று போடுவது யாரையும் கூப்பிட்டதாக ஆகாது. நூற்றைம்பது பேர் இருக்கும் குழுவில் ஒவ்வொருவரும் மற்ற நூற்றுநாற்பத்தொன்பது பேரை நினைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். "தங்கச்சி, சனிக்கிழமை எட்டிலிருந்து பத்து வரைக்கும் உதவித்தொகைப் படிவம் நிரப்ப நீ வேணும். உன் மலாய் நல்லா இருக்கும்." என்ன வேலை, எவ்வளவு நேரம், ஏன் அவர் என்று மூன்றும் அதில் இருக்கிறது. முடியாது என்றால் சரி, வேறு வேலைக்கு அப்புறம் கேட்கலாம்.

நேரமும் ஒரு தடை. தோட்டம் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் லயத்தில் இல்லை. தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருந்துகொண்டு பிறை, பத்து காவான் தொழிற்சாலைகளில் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை வேலை செய்கிறார்கள். அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட். செவ்வாய் இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு "வரவில்லை" என்று குறை சொல்வது நியாயமா? மாதத் தொடக்கத்திலேயே ஷிஃப்ட் அட்டவணையைக் கேட்டு வாங்கி அதற்கேற்பத் தேதி வையுங்கள். பெண் பிள்ளைகள் வருவதாக இருந்தால், கூட்டம் முடிந்து யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்பதையும் முன்னாலேயே முடிவு செய்து பெற்றோரிடம் சொல்லுங்கள். இருட்டில் செம்பனைக்கு நடுவே போகும் பாதை அது. இதைச் செய்த மாதத்திலிருந்தே எங்கள் கூட்டத்துக்கு ஐந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

சான்றிதழும் முகாமும்

விடுதியில் இரண்டு நாள் தன்முனைப்பு முகாம் வைத்து, எல்லோரையும் அழவைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்குச் செய்ய ஒரு பொறுப்பு காத்திருக்காவிட்டால் முகாம் வீண். சான்றிதழ் கேட்பதை மட்டும் யாரும் குறையாகப் பேச வேண்டாம். அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர் சேர்க்கையில், பாடத்துக்கு வெளியே செய்யும் புறப்பாட நடவடிக்கைகளுக்குப் பத்து விழுக்காடு இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். வந்து போனதற்குக் கொடுக்காமல், செய்த வேலையை எழுதிக் கொடுங்கள். "தண்ணீர்ப் பந்தலுக்குப் பொறுப்பேற்று, 600 வெள்ளிக்குக் கணக்கு ஒப்படைத்தார்" என்று இருந்தால் நேர்முகத்தேர்வில் அந்தப் பிள்ளைக்குப் பேச ஏதாவது இருக்கும்.

இடம் விடாமல் இருப்பது

2019-இல் நாடாளுமன்றம் இளைஞர் சங்கச் சட்டத்தைத் திருத்தி, இளைஞர் என்பதன் உச்சவயதை 40-இலிருந்து 30-ஆகக் குறைத்தது. நாற்பதை நெருங்கும் அண்ணன்மார்கள் பலருக்கு அது வருத்தம். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் சட்டம் நாற்காலியைத்தான் காலி செய்யும். வேலையை யாராவது சொல்லிக் கொடுத்தாக வேண்டும். சாதாரணச் சங்கம் ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எத்தனை இடங்களில் அந்த அறிக்கையை அனுப்பும் இணையக் கணக்கின் கடவுச்சொல் ஒரே ஒரு செயலாளருக்கு மட்டும் தெரியும்! அவர் நோய்வாய்ப்பட்டால் சங்கமே படுத்துவிடும். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு துணையைப் போட்டு, ஒரு வருடம் கூடவே உட்காரவைத்து, அடுத்த வருடம் இடம் மாறுங்கள். முன்னாள் தலைவர் அதற்கப்புறம் கூட்டத்தில் முதல் ஆளாகப் பேசாமல் இருப்பது ரொம்ப முக்கியம். நான் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகியதற்கு இரண்டு வருடம் ஆனது.

ஐஸ் தம்பிக்கு இப்போது இருபத்தாறு வயது, செயலவையில் இருக்கிறார். இந்த வருடம் தண்ணீர்ப் பந்தலைப் பதினேழு வயதுப் பையன் ஒருவனிடம் கொடுத்தார். ஐஸ் கதையை அவனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"கேட்டா சொல்றேண்ணே. இப்ப அவன் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கான்."