பழைய லேப்டாப்புக்குப் புது பேட்டரி: ஸ்டிக்கரை நம்பாதீர்கள், எடை போட்டுப் பாருங்கள்

மன்னார்குடியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்தால் போதும், வருகிறவர்களெல்லாம் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, சார்ஜரைப் பிடுங்கினா பத்து நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது." வெயில் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது, அது உண்மை. ஆனாலும் உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். கோளாறு பேட்டரியில்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் மெஷின் என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளையை டைப் செய்யும் விண்டோ) திறந்து ஆங்கிலத்தில் இப்படி டைப் செய்யுங்கள்: 'பவர்' என்ற சொல், அதோடு ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகள், ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு (/), அப்புறம் 'பேட்டரி ரிப்போர்ட்' என்று இடைவெளி விடாமல். என்டர் தட்டினால் ஒரு ரிப்போர்ட் ஃபைல் உருவாகி, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றும் காட்டும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது புதிதில் இருந்த கொள்ளளவு, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்றைக்கு மிச்சம் இருப்பது. 41,000 என்று இருந்தது 16,000 ஆகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். அடாப்டரையும், ஃபேனில் அடைந்திருக்கும் தூசியையும் பாருங்கள். ரைஸ் மில் கணக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் மெஷின்களில் உமித்தூசி ஃபேனையே அடைத்திருக்கும். அந்தச் சூட்டில் எந்தப் பேட்டரியும் தாங்காது.

டச்பேட் மேலே எழும்பி நிற்கிறதா? சமமான மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா? அப்படியானால் பேட்டரி உப்பியிருக்கலாம். ரிப்போர்ட்டெல்லாம் வேண்டாம். ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, தெரிந்த ஆளிடம் கொண்டுபோங்கள். உப்பியதை அழுத்துவதோ குத்துவதோ கூடவே கூடாது, தீப்பிடிக்கும்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அநேகம் பேர் கடைக்குப் போன் போட்டு "டெல் இன்ஸ்பிரான் 15க்கு பேட்டரி இருக்கா?" என்பார்கள். இது போதாது. இன்ஸ்பிரான் 15 வரிசையில் 3567 மாடலுக்கு 14.8 வோல்ட் பேட்டரி, 5567க்கு 11.4 வோல்ட். ஒன்று இன்னொன்றுக்கு உதவாது. பழைய பேட்டரியைக் கழற்றி அதன் மேல் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரைப் பாருங்கள். 3567இல் 'எம்5ஒய்1கே' என்று இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் பேச்சே வேண்டாம். கனெக்டர் எந்தப் பக்கம் இருக்கிறது, திருகுத் துளைகள் எங்கே என்பதும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

வோல்ட்டேஜ் விஷயத்தில் வீணாகப் பயப்படவும் வேண்டாம். பழையதில் 10.8, புதியதில் 11.1 என்று இருந்தால் இரண்டும் மூன்று செல் வரிசைதான், தாராளமாகப் போடலாம். 14.4, 14.8க்கும் அதே கதைதான். 11.1 இருந்த இடத்தில் 14.8 என்றால் மட்டும் தொடாதீர்கள்.

பணம் ஏமாறுவது கொள்ளளவில்தான். தாழ்ப்பாளை நகர்த்தினால் கையோடு வந்துவிடும் பழைய மாடல் பேட்டரிகளைச் சொல்கிறேன். 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகால மெஷின்கள் இந்த வகை. இவற்றுக்குள் பெரும்பாலும் 18650 என்ற உருளை செல்கள்தான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஆறு செல் பேட்டரியில் மூன்று ஜோடி. ஒரு செல் 2,600 மில்லிஆம்ப்-அவர் என்றால் மொத்தம் 5,200 தான் வரும். நல்ல கம்பெனி செல்லே 3,500 பக்கம்தான் நிற்கிறது. ஆக, ஆறு செல்லில் 8,800 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது பொய். யோசிக்கவே வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்க எடைத்தராசு போதும். உருப்படியான 18650 செல் ஒன்று 45 கிராம் பக்கம் இருக்கும். ஆறு செல்லும் பிளாஸ்டிக் கூடும் சேர்ந்தால் 300 கிராமை ஒட்டி வர வேண்டும். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்து, 200 கிராம்தான் காட்டுகிறது என்றால் உள்ளே இருப்பது மட்டமான செல், இல்லாவிட்டால் ஆறுக்குப் பதில் நாலு. பழைய பேட்டரியையும் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. உள்ளே பொருத்தும் தட்டையான பேட்டரிக்கும் இந்த ஒப்பீடு செல்லும். இரண்டு பேட்டரிகளின் கொள்ளளவை ஒப்பிடும்போது வாட்-அவர் கணக்கைப் பாருங்கள். மில்லிஆம்ப்-அவரை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வந்துவிடும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வாட்-அவரும் இந்தக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தப் பேட்டரியை வாங்காதீர்கள்.

லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, ஐஎஸ் 16046 என்ற எண், ஆர் என்று தொடங்கும் பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அது யாருடையது என்று தெரியும்.

ஒரிஜினலா, கம்பாட்டிபிளா (வேறு கம்பெனி செய்த, பொருந்தும் பேட்டரி)? மெஷின் வாங்கி மூன்று வருஷத்துக்குள் என்றால் கம்பெனி ஒரிஜினலே வாங்குங்கள். ஏழெட்டு வருஷ மெஷினுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரிஜினல் என்று கிடைப்பது நாலு வருஷம் குடோன் சூட்டில் கிடந்த சரக்காக இருக்கலாம். லித்தியம் பேட்டரி பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் தேயும். அதைவிட இந்த வருஷம் தயாரான, வாரன்ட்டி உள்ள நல்ல கம்பாட்டிபிள் மேல். தயாரித்த தேதியைக் கேளுங்கள். சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

போட்டதும் அதே ரிப்போர்ட்டை மறுபடி எடுங்கள். அதிலுள்ள எண்ணைச் சில போலி பேட்டரிகளின் சிப் ஏமாற்றிக் காட்டும். அதனால் ஒருமுறை முழுக்க சார்ஜ் ஏற்றி, சாதாரண வேலை பார்த்தபடி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும்.

அப்புறம், எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் மெஷின் என்றால் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் அறிவிப்பு வந்தால் மட்டும் அதை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். 2018இல் கஜா அடித்தபோது இந்தப் பக்கத்தில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை.

பழைய பேட்டரியைக் குப்பையிலோ பழைய இரும்புக் கடையிலோ போடாதீர்கள். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, புதுசு வாங்கிய கடையிலேயே கொடுங்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022இன்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு.