ட்யூன் செய்த பிக்கப்பில் கேம்பரைக் கட்டி ஏற்காடு ஏறி இறங்குவது எப்படி

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடைப்பட்ட 1,200 மீட்டரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சாலையில், அடிவாரத்திற்கு மேலே வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறி முடிக்க வேண்டும். தனிக் காரில் போகிறவருக்கு இது ஒரு மணி நேரப் பயணம். பின்னால் ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட கேம்பரை, அதாவது தங்கும் வசதியுள்ள இழுவை வண்டியை, இழுத்துச் செல்பவருக்கோ, வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே விசாரித்துப் பார்க்கும் சாலை இது. என்ஜினை ட்யூன் செய்துவிட்டோம், இனி எதையும் இழுக்கலாம் என்ற தெம்போடு நானும் ஒருமுறை ஏறியிருக்கிறேன். ஏறியதில் பாதிச் சிக்கல், இறங்கியதில் மீதிச் சிக்கல் என்று இரண்டையும் பார்த்துவிட்டேன்.

முதலில் ட்யூனிங் எதை மாற்றுகிறது என்பதில் தெளிவு வேண்டும். நம் சாலைகளில் ஓடும் இசுசு டி-மாக்ஸ் வி-கிராஸின் 1.9 லிட்டர் டீசல் என்ஜின் 163 குதிரைத்திறனும் 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸோடு வரும்போது, 204 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டரும் தருகிறது. ரீமேப் செய்தால், அதாவது என்ஜினின் கணினியில் இருக்கும் எரிபொருள் அளவு போன்ற கணக்குகளை (மேப்) மாற்றி எழுதினால், இந்த எண்கள் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுவது சாதாரணம். ஆனால் ஒரு வண்டி எவ்வளவு எடையை இழுக்கலாம் என்று உற்பத்தியாளர் வரையறுப்பது என்ஜினை மட்டும் வைத்து அல்ல. சேசிஸ், பின் அச்சு, பிரேக், ரேடியேட்டர், கியர் பாக்ஸ் ஆகிய அனைத்தையும் வைத்துத்தான். ட்யூனிங் என்ஜினின் சக்தியை மட்டுமே பெருக்குகிறது. மற்றவை தொழிற்சாலையிலிருந்து வந்த அளவிலேயே நிற்கின்றன. ஆகவே, கையேட்டில் குறித்த இழுவை எடை ட்யூன் செய்த பின்பும் ஒரு கிலோகூட உயர்வதில்லை.

அடுத்த வேலை எடை மேடைக்குப் போவது. கேம்பர் விற்றவர் சொன்ன எடை வெறும் கூட்டின் எடை. அடுப்பு, பாட்டரி, மெத்தை, பாத்திரம் எல்லாம் ஏறிய பிறகு அது வேறு எண். மரவள்ளி லாரிகள் வரிசையில் நிற்கும் ஆத்தூர் சாலைப் பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. அங்கே மூன்று முறை எடை போட வேண்டும். பயணத்தில் வரப்போகிறவர்களை ஏற்றிக்கொண்டு, டேங்க் நிறைந்த பிக்கப்பை மட்டும் முதலில் நிறுத்துங்கள். பிறகு கேம்பரைக் கட்டி, பிக்கப்பின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க, கேம்பரின் சக்கரங்கள் வெளியே நிற்கும்படி ஒரு முறை. கடைசியாக இரண்டையும் சேர்த்து ஒரு முறை. ஓர் உதாரணம்: முதல் எடை 2,300 கிலோ, இரண்டாவது 2,480, மூன்றாவது 3,900 என்றால், கேம்பரின் எடை 1,600 கிலோ, பிக்கப்பின் பின்னால் கேம்பரை மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் எடை 180 கிலோ, அதாவது கேம்பர் எடையில் 11 விழுக்காடு. இத்தகைய கனமான கேம்பருக்கு 10 முதல் 15 விழுக்காடு வரை சரியான அளவு. ஆனால் ஹிட்ச்சுக்கும் பிக்கப்புக்கும் குறித்திருக்கும் உச்ச அளவை அது தாண்டக் கூடாது. இந்த 180 கிலோ பிக்கப்பின் சுமைக் கணக்கில் சேரும் என்பதைப் பலரும் மறந்துவிட்டு, பிக்கப்பின் பின் தொட்டியில் ஜெனரேட்டரையும் மரக்கட்டைகளையும் ஏற்றிவிடுகிறார்கள். பின் அச்சு அமிழ, முன் சக்கரங்கள் எடை இழந்து, ஸ்டியரிங் தக்கையாகிவிடும். மலை வளைவில் அது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

எடையைவிட எடை இருக்கும் இடம் முக்கியம். கனமான பொருள்களைக் கேம்பரின் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு ஒட்டி வையுங்கள். தண்ணீர்த் தொட்டியை மறக்காதீர்கள்: ஒரு லிட்டர் ஒரு கிலோ. தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால், 100 லிட்டர் நிரப்பியதும் ஹிட்ச்சின் மேல் இருக்கும் அழுத்தம் குறைந்து, கேம்பர் வாலாட்டத் தொடங்கும். மலைக்கு மேலே தண்ணீர் கிடைக்கும். கீழிருந்து சுமந்துபோக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

இணைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பந்தும், அதைக் கவ்விப் பிடிக்கும் கேம்பரின் கப்ளரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் பந்தில் 2 அங்குலக் கப்ளரை மாட்டினால் கண்ணுக்குத் தெரியாத முக்கால் மில்லிமீட்டர் ஆட்டம் மேடு பள்ளங்களில் வளர்ந்துகொண்டே போகும். பாதுகாப்புச் சங்கிலிகளை இழுதண்டின் அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் தண்டு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் தங்கும். கேம்பர் பிரிந்தால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் கேபிளைச் சங்கிலியோடு சேர்த்து முடியாமல், பிக்கப்பில் தனியிடத்தில் மாட்ட வேண்டும்.

பிரேக்கில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். மேலே சொன்ன 3,900 கிலோவும் 1,200 மீட்டர் இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல், 150 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. டயர் உராய்வும் காற்றும் என்ஜினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் அத்தனையும் பிரேக் டிரம்களிலும் டிஸ்க்குகளிலும் இறங்கும். சிறிய கேம்பர்களில் வரும் ஓவர்ரன் பிரேக், கேம்பர் முன்னோக்கித் தள்ளும்போது தானாகப் பிடிப்பது. சமவெளியில் அது நல்ல ஏற்பாடு. நீண்ட இறக்கத்திலோ கேம்பர் தள்ளிக்கொண்டேதான் வரும், பிரேக்கும் பிடித்துக்கொண்டே இருக்கும், லைனிங் தீய்ந்துவிடும். மலைக்கு அடிக்கடி போகிறவர் மின் பிரேக்கும், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து தனியாக இயக்கும் கண்ட்ரோலரும் பொருத்திக்கொள்வதே நல்லது. பிரேக் ஆயிலையும் பாருங்கள்: டாட் 4 தரத்தில் வரும் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிப் பழையதானால் அது 155 டிகிரி வரை இறங்கிவிடும். இரண்டு ஆண்டுகளாக மாற்றாத ஆயிலோடு கேம்பரை இழுத்து மலையேற வேண்டாம்.

இனி ட்யூனிங்குக்கு வருவோம். வேகத்துக்கான மேப் வேறு, இழுவைக்கான மேப் வேறு. முதலாவது சில நொடிகளுக்கு உச்ச சக்தியைத் தந்தால் போதும். இரண்டாவது 40 நிமிடம் தொடர்ந்து சுமை தாங்க வேண்டும். என் வண்டிக்கு ஒரு பட்டறையில் போட்டுக்கொடுத்த மேப் நெடுஞ்சாலையில் அருமையாகப் பாய்ந்தது. அடிவாரம் தாண்டிப் பதினொன்றாவது வளைவில், புகையின் விசையில் சுழன்று என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்கு முன்னால் பொருத்தியிருந்த வெப்பமானி 780 டிகிரியைக் காட்டியது; கண்ணாடியில் பின்னால் வந்த பேருந்து கரும்புகையில் மறைந்திருந்தது. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகக்கூடியது; பிஸ்டன் செய்யப்படும் அலுமினியக் கலவை அதற்கும் கீழேயே உருகத் தொடங்கும். ஆயிலும் கூலன்ட்டும் பிஸ்டனைக் குளிர்விப்பதால் அது உடனே உருகிவிடுவதில்லை என்றாலும், அந்த வெப்பத்தில் நெடுநேரம் ஏறினால் பிஸ்டனோ டர்போவோ விலை கொடுக்கும். ஆகவே ட்யூன் செய்பவரிடம் கேட்க வேண்டியவை இவை: தொடர் ஏற்றத்தில் புகைக்குழாய் வெப்பம் 700 டிகிரியைத் தாண்டாதபடி எரிபொருள் குறைக்கப்பட வேண்டும், நிமிடத்துக்கு 1,800 சுற்றுகளுக்குக் கீழே முறுக்குவிசையை அள்ளிக் கொட்டக் கூடாது, மேனுவல் கியர் பாக்ஸ் என்றால் கிளட்ச் தாங்கும் அளவுக்குள் எல்லை வைக்க வேண்டும். சேலத்தைவிட ஏற்காட்டில் காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. அதே அழுத்தத்தைத் தர டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும் என்பதையும் அவர் கணக்கில் எடுக்க வேண்டும். புகைக்குழாய் வெப்பத்துக்கு ஒரு மானி, ஆட்டோமேட்டிக் என்றால் கியர் பாக்ஸ் ஆயில் வெப்பத்துக்கு ஒரு மானி, இவை இரண்டும் இல்லாமல் ட்யூன் செய்த வண்டியில் பாரம் இழுப்பது என் பார்வையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது. கியர் பாக்ஸ் ஆயில் 120 டிகிரியை நெருங்கினால் ஓரங்கட்டிவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. என்ன மாற்றுகிறோம் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கேம்பருக்கும் தனிப் பதிவு வேண்டும்.

மலைக்கு முன்னால் நெடுஞ்சாலையில் ஒரு பழக்கம் தேவை. தருமபுரிப் பக்கமிருந்து வருகிறவர்கள் தொப்பூர் கணவாயை இறங்கித்தான் சேலத்துக்கு வர வேண்டும். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளாகும் செய்திகள் அந்த இறக்கத்திலிருந்து எத்தனை முறை வந்திருக்கின்றன என்பது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது அங்கே பழைய வியாதி. ஆம்னி பேருந்து ஒன்று உரசுவதுபோல் கடந்து போகும்போது கேம்பர் இடவலமாக ஆடத் தொடங்கினால், பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை விட்டு, கேம்பரின் பிரேக்கை மட்டும் கண்ட்ரோலரால் மெல்லப் பிடியுங்கள். அது பின்னாலிருந்து இழுத்து வண்டியை நேராக்கும்.

ஏற்காட்டுக்கு வார நாளில், விடியற்காலையில் கிளம்புங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் கேம்பரோடு போகவே வேண்டாம். அடிவாரத்திலிருந்தே வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும், நின்று நின்று ஏறுவதில் கிளட்ச் தீய்ந்துவிடும். கியரை நீங்களே தேர்ந்தெடுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில், 2,200 முதல் 2,800 சுற்றுகளுக்குள் என்ஜின் தெம்பாக ஓட வேண்டும். வளைவுகளில் கேம்பரின் சக்கரங்கள் பிக்கப்பின் தடத்தில் வருவதில்லை, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஏறும்போது வலப்பக்க வளைவு நமக்கு அகலமான வெளிவட்டம். இடப்பக்க வளைவு குறுகிய உள்வட்டம். இடப்பக்க வளைவில் ஹாரன் அடித்து, எதிரே வண்டி இல்லை என்று உறுதியான பிறகே சாலையின் வலப்பக்கம் வரை விரிந்துபோய்த் திரும்புங்கள். இல்லாவிட்டால் கேம்பரின் இடச் சக்கரம் மலையோரக் கால்வாயில் இறங்கிவிடும். வளைவின் நடுவே மாட்டிக்கொண்டு கேம்பரோடு ரிவர்ஸ் எடுப்பது கைதேர்ந்தவர்களுக்கும் பெரிய தொல்லை. கேம்பரின் நீளம் ஆறு மீட்டரைத் தாண்டினால், அதை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு மேலே அறை எடுத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

மேலே போய்ச் சேர்ந்ததும் என்ஜினை உடனே அணைக்காமல், புகைக்குழாய் வெப்பம் 200 டிகிரிக்குக் கீழே வரும் வரை ஓடவிடுங்கள். டர்போவின் பேரிங்கில் ஆயில் கருகாமல் இருக்கும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். கோடையில் சேர்வராயன் மலைப் புல் தீப்பெட்டிபோல இருக்கும். அது பற்றிக்கொள்ள, ஏற்றம் முடித்த சூடான புகைக்குழாய் ஒன்றே போதும்.

இறங்கும்போது, ஏறிய கியரிலோ அதற்கும் கீழான கியரிலோ வளைவுகள் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும், லாரிகளில் இருக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் நம் பிக்கப்புகளில் பொதுவாக இருப்பதில்லை. டீசல் என்ஜின் தானாகத் தரும் தடை குறைவு. பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராமல், வேகம் 30-ஐத் தாண்டியதும் அழுத்தமாகப் பிடித்து 20-க்குக் குறைத்து, முழுவதுமாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிரம் ஆறும். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட நின்றால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல், கூட இருப்பவரை இறங்கச் சொல்லிக் கேம்பர் சக்கரத்துக்குக் கட்டை போடச் சொல்லுங்கள். பிரேக் தீயும் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் டிரம் வெடிப்பு விடும்.

தொடாமலே வெப்பம் அளக்கும் கருவி ஒன்றை டேஷ்போர்டில் வைத்திருங்கள். பாதி இறக்கத்திலும் அடிவாரத்திலும் எல்லாச் சக்கரங்களின் டிரம்மையும் அளந்து பார்ப்பது நான் கைவிடாத வழக்கம். இரட்டை அச்சுக் கேம்பரோடு இறங்கிய அன்று மூன்று டிரம்கள் 180, 190 என்று காட்டின, நான்காவது 60. குளிர்ந்திருக்கிறதே என்று முதலில் மகிழ்ந்தேன். குனிந்து பார்த்தபோது, அந்தச் சக்கரத்தின் பிரேக் வயர் ஸ்பிரிங் பட்டையில் உரசி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. கேம்பரின் மூன்று சக்கரப் பிரேக்கில்தான் இறங்கி வந்திருக்கிறேன். இப்போது அந்த வயர்கள் குழாய்க்குள் போகின்றன, ஒவ்வொரு முறையும் கேம்பரைக் கட்டியதும் அடியில் படுத்துப் பார்த்த பிறகே சாவியைத் திருப்புகிறேன்.