நார்வேஜியக் கூட்டுச்சொல்லை உச்சரிக்க: ஒட்டு எங்கே என்று முதலில் பாருங்கள்

நார்வேஜிய மொழியில் கூட்டுச்சொல்லுக்கு நடுவே இடைவெளி கிடையாது. நீளமான சொல்லை இடமிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தால் உயிரின் அளவும் பிசகும், மெய்யின் ஒலியும் பிசகும். எந்தச் சொல்லும் எந்தச் சொல்லும் ஒட்டியிருக்கின்றன என்று கண்டுபிடித்த பிறகே வாயைத் திறங்கள். இங்கே சொல்வது ஒஸ்லோ பக்கத்து உச்சரிப்பு. தமிழ் எழுத்தில் கிட்டத்தட்டத்தான் எழுத முடியும்.

பின்னாலிருந்து பிரியுங்கள். கடைசிப் பகுதிதான் தலைச்சொல், அதாவது முதன்மைச் சொல்; பாலும் பன்மையும் அதைப் பொறுத்தவை. நடுவில் 'எ' அல்லது 'ஸ்' இணைப்பாக வந்தால் அது முன்பகுதியோடு சேரும். மழலையர் பள்ளி: பாண் + எ + ஹாகெ. ஒயின் கோப்பை 'வீன்க்ளஸ்', இணைப்பு இல்லை. சிவப்பு ஒயின் கோப்பையோ 'ரோவீன்ஸ்க்ளஸ்'. முன்பகுதியே கூட்டுச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் இப்படி 'ஸ்' நுழையும்.

அடுத்து அளவு. அழுத்தம் விழும் அசையில் நெடிலும் ஒற்றை மெய்யும் வரும், அல்லது குறிலும் நீண்ட மெய்யும் வரும். கல் + ஐ 'கல்லை' ஆகும் பழக்கம் உள்ள நமக்கு இது புதிதல்ல. 'தாக்' கூரை, 'தக்க்' நன்றி. கூரை ஓடு 'தாக்ஸ்தைன்'. நடுவில் மூன்று மெய் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் பலர் 'தக்ஸ்தைன்' என்று குறுக்கிவிடுகிறார்கள். ஒட்டு 'தாக்'குக்குப் பின்னால் இருப்பதால் நெடில் நெடிலாகவே நிற்கும்.

மூன்று ஒரே மெய் சேர்ந்தால் எழுத்தில் ஒன்று விழும். இரவு ரயில் நத்த் + தோக், எழுதுவது 'நத்தோக்'. பேருந்து நிறுத்தம் புஸ்ஸ் + ஸ்தொப்பும் அப்படியே. பிரிக்கும்போது விழுந்த எழுத்தை மனத்தில் திருப்பி வையுங்கள்.

ஒட்டுக்கு இரு பக்கமும் உள்ள எழுத்துகள் ஏமாற்றும். எஸ், கே, ஐ ஒரே சொல்லுக்குள் அடுத்தடுத்து வந்தால் 'ஷி' என்று ஒலிக்கும். பனிச்சறுக்குப் பலகை 'ஷீ' ஆவது அதனால்தான். ஒளிமூலத்தைக் குறிக்கும் சொல்லிலும் அந்த மூன்றும் வரும், ஆனால் எஸ் முன்சொல்லுக்குச் சொந்தம். அங்கே 'ஷி' வராது; 'ஸ்' தனியாக முடிந்து, 'ஹ்யி' போன்ற மெல்லிய ஒலி தொடங்கும்.

இதற்கு நேர்மாறாக, 'ர்' ஒட்டைத் தாண்டிப் போகும். வோர் (வசந்தம்) + தைன் (அடையாளம்) சேர்ந்தால் 'வோடைன்'. பல்லை ஒட்டிய 'த', நாவை மேலே மடக்கிச் சொல்லும் 'ட' ஆகிறது. ட, ண நம் நாவில் இயல்பாக இருப்பதால் தமிழருக்கு இது எளிது. பேர்கன், ஸ்தாவாங்கர் பக்கம் 'ர்' தொண்டையில் பிறக்கும். அங்கே இந்த மாற்றம் இல்லை.

கடைசியில் அழுத்தமும் இசையும் (குரலின் ஏற்ற இறக்கம்). முதன்மை அழுத்தம் முதல் பகுதிக்கு, அடுத்ததற்குக் கொஞ்சம் குறைவு, முழுச்சொல்லுக்கும் ஒரே இசை. 'ரொய்க்ஃப்ரித்' என்று ஒரே மூச்சில் சொன்னால் 'புகைக்கத் தடை'. 'ரொய்க்', 'ஃப்ரித்' என்று பிரித்து இரண்டிலும் முழு அழுத்தம் கொடுத்தால் 'தாராளமாகப் புகையுங்கள்'!

இசையில் இரண்டு வகை: தாழ்விலிருந்து ஏறுவது ஒன்று, உயர்விலிருந்து இறங்கி ஏறுவது இன்னொன்று. முன்பகுதி தனியாக இரண்டாம் இசையில் வரும் சொல்லானால் கூட்டுச்சொல்லும் அதே இசைதான். முன்பகுதி ஓரசைச் சொல்லானால் இரண்டில் எதுவும் வரலாம். ஊகிக்காமல், உச்சரிப்புக் குறிப்புள்ள அகராதியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.