பரு மாத்திரை எழுதித் தந்தால், வாங்குவதற்கு முன்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் என் தங்கைக்குக் கன்னமெல்லாம் சீழ்க்கட்டி. டாக்டர் சீட்டில்லாமல் கடையில் வாங்கிய களிம்பு முதல் வாரம் நன்றாகக் கேட்டது. இரண்டே மாதத்தில் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரிந்தது. அதில் ஸ்டீராய்டு இருந்தது. அதனால் முதலில் ட்யூபின் பின்பக்கம் படியுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்றிருந்தால் பருவுக்கு வேண்டாம்.

பருவுக்குப் பூசும் அடாபலீன் ஜெல் என்றால் இரவில் பட்டாணி அளவு போதும். ஆரம்பத்தில் தோல் உரியும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கர்ப்பத்தில் இதுவும் கூடாது.

ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரைதான் பெரிய முடிவு. தழும்பு விடும் பருவை அடக்கும், ஆனால் கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையும் கர்ப்பம் கூடவே கூடாது. இதைப் பற்றி டாக்டர் கேட்கும்போது அம்மா பக்கத்திலிருந்தால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? நான் அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டேன். அப்புறம்தான் தங்கை டாக்டரிடம் மனம்விட்டுப் பேசினாள். கர்ப்பப் பரிசோதனை, கல்லீரல், ரத்தக் கொழுப்பு எல்லாம் பார்த்த பிறகே தொடங்கினார்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கோ வைட்டமின் ஏ மாத்திரையோ சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வு தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

பணம் தடையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள், காலையிலேயே. பழைய களிம்பு ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.