விண்டோ டிரஸ்ஸிங்: எங்கே, எப்படிப் பயன்படுத்தலாம்?

கடையின் கண்ணாடி முகப்பில் சரக்குகளைக் கண்கவரும்படி அடுக்கி வைக்கும் வேலைக்குத்தான் முதலில் விண்டோ டிரஸ்ஸிங் என்று பெயர். அந்தப் பொருளில் அது மரியாதையான தொழில். ஆனால் செய்தியிலோ தலையங்கத்திலோ கண்டால், பெரும்பாலும் ‘ஒப்புக்குச் செய்தது’ என்ற குத்தல்தான். அதிகாரமே தராமல் ஒரு குழுவை அமைத்தால், ‘த கமிட்டி இஸ் ஜஸ்ட் விண்டோ டிரஸ்ஸிங்’ என்பார்கள். முன்னால் ‘எ’ போடக் கூடாது, பன்மையும் கிடையாது.

கணக்கியலில் இந்தக் குத்தல் இன்னும் கூர்மையானது. காலாண்டு முடியும் நாளில் மட்டும் கணக்கு அழகாகத் தெரியும்படி செய்வதை இப்படிச் சொல்கிறார்கள். 2008இல் திவாலான அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ், ‘ரெப்போ 105’ என்ற, விற்றுவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டின் மூலம் சுமார் 5,000 கோடி டாலர் சொத்துகளைக் காலாண்டு முடிவில் தற்காலிகமாக வெளியே நகர்த்தி, கடன் சுமையைக் குறைத்துக் காட்டியது. சில நாட்களில் அவை திரும்பி வந்துவிடும். துணிச்சலான வித்தைதான்!

‘டிரஸ்’ இருக்கிறதே என்று ஒருவரின் உடையலங்காரத்தைக் குறிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். மேலோட்டமான அழகைச் சொல்ல ‘ஸ்கின் டீப்’ இருக்கிறது.