லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக் எல்லாவற்றுக்கும் ஒரே பிரிண்டர்: கப்ஸ் அமைப்பது எப்படி?

இருப்பது ஒரே பிரிண்டர். பிரிண்ட் எடுக்க வேண்டியதோ ஒரு லினக்ஸ், ஒரு ஃப்ரீபிஎஸ்டி, ஒரு மேக். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக டிரைவர் போட்டு மாரடிக்க வேண்டாம். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு லினக்ஸ் கணினியை பிரிண்ட் சர்வராக வைத்துவிடுங்கள். டிரைவர், காகித அளவு எல்லாம் அங்கே மட்டும் இருக்கட்டும். மற்றவை கோப்பை அனுப்பினால் போதும். இதற்கு உதவுவது கப்ஸ், அதாவது பிரிண்ட் வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள். மூன்றிலும் அது உண்டு. மேக்கில் 2002-இல் வந்த 10.2 பதிப்பிலிருந்தே கூடவே வருகிறது.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, பிரிண்டருக்கு நிலையான ஐபி முகவரி. ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் (இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இதே முகவரி என்ற அமைப்பு) போட்டால் முடிந்தது. இதைத் தள்ளிப்போட்டால் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும் நாளில் பிரிண்டர் காணாமல் போகும்.

அடுத்து சர்வரில் கப்ஸை நிறுவி, கியூ (பிரிண்ட் வேலைகள் காத்திருக்கும் வரிசை) உருவாக்க வேண்டும். வரைகலைக் கருவிகள் பார்க்க வசதிதான். ஆனால் பின்னால் என்ன செய்தன என்று சொல்லாது. என் ஓட்டு 'எல்பிஅட்மின்' கட்டளைக்கே. 'ஹைஃபன் பி' (பிரிண்டரின் முதல் எழுத்து, சிறியது) போட்டு கியூ பெயர், 'ஹைஃபன் வி' போட்டு பிரிண்டரின் ஐபிபி (இணையவழி பிரிண்ட் நெறிமுறை) முகவரி, 'ஹைஃபன் எம்' போட்டு 'எவ்ரிவேர்'. ஏர்பிரிண்ட் (ஆப்பிளின் டிரைவர் இல்லா பிரிண்ட் முறை) தெரிந்த பிரிண்டர் என்றால் தனி டிரைவரே வேண்டாம், இந்த 'எவ்ரிவேர்' பார்த்துக்கொள்ளும். கியூ பெயரில் இடைவெளி, சாய்கோடு, ஹாஷ் குறி கூடாது.

பெரிய எழுத்து 'ஈ' ஆப்ஷன் ஒன்று இருக்கிறது, அதில் கவனம். 'ஹைஃபன் பி'க்குப் பின்னால் போட்டால் 'கியூவை இயக்கு, வேலைகளை ஏற்றுக்கொள்' என்று பொருள். அதையே முன்னால் போட்டால் 'சர்வரோடு என்கிரிப்ஷனில் பேசு' என்று பொருள். இடம் மாறினால் பிழைச் செய்தி எதுவும் வராமலே கியூ உருவாகிவிடும். ஆனால் முடங்கிய நிலையில் கிடக்கும்.

சர்வரிலிருந்தே ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். இங்கே காகிதம் வெளியே வராமல் அடுத்த படிக்குப் போகவே போகாதீர்கள்.

இனி பகிர்வு. கப்ஸ் வழக்கமாகத் தன் கணினிக்குள் மட்டுமே காது கொடுக்கும். 'கப்ஸ்சிடிஎல்' கட்டளையை 'ஷேர்-பிரிண்டர்ஸ்' ஆப்ஷனோடு ஓட்டினால் உள் நெட்வொர்க்குக்கும் கதவு திறக்கும். ஃபயர்வாலில் டிசிபி 631 திறந்திருக்க வேண்டும். பிரிண்டர் பட்டியலில் தானாகத் தெரிய யுடிபி 5353-உம் வேண்டும்.

என் நேரத்தை அதிகம் தின்றது இதற்கு அடுத்த கட்டம்தான். சர்வரின் ஐபி முகவரியைக் கொடுத்தால் எல்லாம் ஓடும். டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) நாமாக வைத்த அழகான பெயரைக் கொடுத்தால் மட்டும் '400 பேட் ரிக்வெஸ்ட்' என்று முகத்தில் அடிக்கும். நெட்வொர்க், ஃபயர்வால், பாஸ்வேர்டு என்று எதைக் குடைந்தாலும் பயனில்லை. காரணம் எர்ரர் லாகில் இருக்கிறது: ஹோஸ்ட் புலம் செல்லாது என்று ஒரு வரி. யாராவது வேறு பெயரில் ஏமாற்றி உள்ளே வரக்கூடாது என்பதற்காக, கப்ஸ் தனக்குத் தெரியாத பெயரில் வரும் கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிடும். கப்ஸின் அமைப்புக் கோப்பான 'கப்ஸ்டி டாட் கான்ஃப்'-இல் 'சர்வர்அலியாஸ்' என்று ஒரு வரி சேர்த்து, அந்தப் பெயரை எழுதி, கப்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல இடங்களில் நட்சத்திரக் குறி போடச் சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் அந்தப் பாதுகாப்பே போய்விடும். பெயரை முழுதாக எழுத ஒரு நிமிடம் ஆகுமா?

சரி, இப்போது மற்ற கணினிகள். லினக்ஸில் 'கிளையன்ட் டாட் கான்ஃப்' கோப்பில் 'சர்வர்நேம்' வரியில் சர்வர் பெயரைப் போட்டால் போதும். எனக்குப் பிடித்த வழி இதுதான். உள்ளூரில் கியூவே தேவையில்லை. மேக்கில் இந்த வரி 10.7-இலிருந்து செல்லாது. அங்கே சிஸ்டம் அமைப்புகளில் பிரிண்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு வேடிக்கை. கப்ஸை நிறுவியதும், கோப்பை பிரிண்டுக்கு அனுப்பும் 'எல்பிஆர்' என்ற பெயரில் இரண்டு கட்டளைகள் இருக்கும். ஒன்று சிஸ்டத்தோடு வந்தது, 'யுஎஸ்ஆர் பின்' கோப்புறையில். மற்றது கப்ஸுடையது, 'யுஎஸ்ஆர் லோக்கல் பின்' கோப்புறையில். கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று சொல்லும் பாத் வரிசையில் முதலாவது முந்திக்கொள்ளும். அதற்குக் கப்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. கப்ஸின் நிலை காட்டும் கட்டளையான 'எல்பிஸ்டாட்' கியூவை அழகாகக் காட்டும், 'எல்பிஆர்' மட்டும் அப்படியொரு பிரிண்டரே இல்லை என்று சாதிக்கும். 'விச் எல்பிஆர்' என்று அடித்தால் குட்டு வெளிப்படும். பாத்தில் லோக்கல் பின்னை முன்னால் கொண்டுவாருங்கள். அமைப்புக் கோப்புகளும் இங்கே 'யுஎஸ்ஆர் லோக்கல் ஈடிசி கப்ஸ்' கோப்புறைக்குள் இருக்கும்.

பிற்சேர்க்கை: பிரிண்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் கியூ நின்றுபோகிறது என்று சிலர் கேட்டார்கள். 'கப்ஸ்எனேபிள்' கட்டளை உடனடித் தீர்வு. மறுபடி வராமலிருக்க எல்பிஅட்மினில் 'பிரிண்டர்-எர்ரர்-பாலிசி' என்பதை 'ரீட்ரை-ஜாப்' என்று மாற்றுங்கள்.

இன்னொன்று: எல்பிடி என்ற பழைய பிரிண்ட் முறை மட்டுமே தெரிந்த பழைய யுனிக்ஸ் பெட்டி (கணினி) வைத்திருப்பவர்களுக்கு. சர்வரில் 'கப்ஸ்-எல்பிடி'யை இயக்கினால் 515-ஆம் போர்ட்டில் அவற்றின் வேலையை வாங்கிக்கொள்ளும். பழைய பெட்டியின் 'பிரிண்ட்கேப்' கோப்பில் 'ஆர்எம்' என்பதில் சர்வர் பெயர், 'ஆர்பி' என்பதில் கியூ பெயர். ஆனால் கப்ஸ்-எல்பிடி யார் அனுப்பினார் என்று பார்க்காது, எவர் வந்தாலும் வாங்கும். அதனால் 515-ஐ அந்தப் பெட்டியின் ஐபிக்கு மட்டும் ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள்.